உள்ளங்கையில் சீழ்க்கொப்புளம்: வெள்ளிக்கிழமை அடலிமுமாப் ஊசியைப் போடலாமா, வேண்டாமா?

லேத்துக்காரன்
செவ்வாய், இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். வலது கையில் மூன்று விரலுக்கு பிளாஸ்திரி ஒட்டியிருப்பதால் ஒற்றை விரலால் தட்டுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 38. கோவை ஆவாரம்பாளையத்தில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், கூடமாட ஒரு பையன். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஜாப் வொர்க்.

2019-ல் எனக்கு க்ரோன்ஸ், அதாவது குடலில் விட்டுவிட்டுப் புண்ணும் வீக்கமும் வருகிற நாள்பட்ட நோய், என்று தெரிந்தது. அதற்கு முன்னால் குடல் காசநோய் என்று நினைத்து ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டேன். இங்கே பாதிப் பேருக்கு அந்தக் கதை இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன். அப்புறம் ஸ்டீராய்டில் முகம் பூசணிக்காயாக ஊதியது. அசத்தியோபிரினில் வெள்ளையணு குறைந்து அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. போன வருடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி வீங்கிச் சுருங்க ஆரம்பித்ததும் குடல் டாக்டர் இனி பயாலஜிக் (உயிர்ச் செல்களில் தயாராகும் ஊசி மருந்து) தான் என்று சொல்லிவிட்டார். மான்டூ (காசநோய்க்கான தோல் பரிசோதனை), மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு அடலிமுமாப் தொடங்கினோம். முதல் நாள் மட்டும் நான்கு ஊசி, வயிற்றில் இரண்டு, தொடையில் இரண்டு, மொத்தம் 160 மி.கி. இரண்டு வாரம் கழித்து 80. அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40.

குடல் விஷயத்தில் அந்த ஊசிக்குக் கோயில் கட்டலாம். ஒரு நாளைக்கு எட்டு முறை கழிப்பறைக்கு ஓடியவன் இப்போது இரண்டு முறை போகிறேன். குடல் அழற்சி எவ்வளவு என்று காட்ட மலத்தில் பார்க்கிற கால்ப்ரொடெக்டின் 1,400-லிருந்து 90-க்கு வந்தது. எடை 51-லிருந்து 59. தைப்பூசத்துக்குப் பஸ்ஸில் பழனி போய் வந்தேன். வழியில் எந்த ஊரில் கழிப்பறை இருக்கும் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை. இந்த நோய் இருக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தொல்லை ஏழாவது மாதத்தில் வந்தது. இடது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டில் ஊறல் எடுத்தது. இரண்டே நாளில் கடுகு அளவில், மஞ்சள் தலையோடு பத்துப் பன்னிரண்டு கொப்புளம். நான்கைந்து நாளில் அது வற்றிக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறும், மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி உரியும், அடியில் சிவப்பாகப் பளபளவென்று புதுத்தோல் இருக்கும். அது ஆறுவதற்குள் பக்கத்தில் அடுத்த கூட்டம் வந்துவிடும். பிறகு வலது கைக்கு வந்தது. பிறகு இரண்டு பாதத்திலும் குழிந்த இடத்தில். இப்போது பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித்தான் நடக்கிறேன். காலையில் எழுந்து முதல் பத்து அடி வைப்பதற்குள் உயிர் போய் வருகிறது. தலையிலும் காதுக்குப் பின்னாலும் பொடுகு மாதிரி, ஆனால் தடிப்பாகச் செதில் இருக்கிறது.

மைக்ரோமீட்டர் பிடித்தவர்களுக்குத் தெரியும், ராட்செட்டைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மெல்லத் திருக வேண்டும். வெடிப்பு சரியாக அந்த இரண்டு விரலின் நுனியில்தான். போன வாரம் டெலிவரி கொடுத்த ஷாஃப்ட்டில் ஒரு பழுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு பார்ட்டி, "என்னங்க, அதுக்குள்ள துரு பிடிச்சிருக்கு?" என்றார். துரு இல்லை, என் ரத்தம்.

பக்கத்துத் தெரு டாக்டர், கடையும்போது சூடு தணிய ஊற்றுகிற கூலண்ட் ஆயில் ஒவ்வாமை என்றார், கையுறை போடச் சொன்னார். லேத் ஓட்டுகிறவன் கையுறை போடக்கூடாது. சுற்றுகிற சக்கில் நுனி மாட்டினால் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடும். அதை விடுங்கள், பதினெட்டு வருடமாக இதே கூலண்டில்தான் கையை விடுகிறேன். பட்டறைப் பையனும் அதே கூலண்டில்தான் நிற்கிறான், அவன் கை கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஷூவுக்குள் இருக்கிற உள்ளங்காலுக்குக் கூலண்ட் எப்படிப் போயிற்று?

அதற்குப் பிறகு மருந்துக்கடையில் படை மருந்து என்று ஒரு டியூப் கொடுத்தார்கள். பத்து நாள் அடங்கியது. நிறுத்தியதும் இரட்டிப்பாக வந்தது. அம்மா வெட்பாலைத் தைலம் வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் தடவவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் குடல் டாக்டரைப் பார்த்தபோது வயிறு எப்படி என்றார், நன்றாக இருக்கிறது என்றேன். கையை மேஜைக்குக் கீழேயே வைத்திருந்தேன். ஊசியை நிறுத்திவிடுவாரோ என்கிற பயம்தான்.

அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை. ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இது ஊசியால் வந்ததா? ஒரு தடவை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமா? நான் போடுவது இங்கே தயாராகும் நகல் மருந்து, அதனால் வந்த வினையா? யாருக்காவது இப்படி வந்து சரியாகியிருக்கிறதா?


வேப்பமரத்தடி
செவ்வாய், இரவு 11:25

தம்பி, யோசிக்காமல் ஊசியை நிறுத்துங்கள். உடம்பு நஞ்சை உள்ளங்கை வழியாக வெளியே தள்ளுகிறது, அதற்கு மேலே களிம்பு பூசி அடைக்கிறீர்கள். ஆறு மாதம் பத்தியம், காலையில் வேப்பங்கொழுந்து, வெட்பாலைத் தைலம். என் மச்சினருக்குப் பத்து வருடச் சொரியாசிஸ் இதில்தான் போனது.


ஈஸ்ட்ஹாம் அக்கா
புதன், காலை 6:10

தம்பி, முதலில் ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை ஊசியை நீங்களாக விட வேண்டாம். இன்றைக்கே குடல் வைத்தியரின் கிளினிக்குக்கு போன் எடுத்து, கைகால் படங்களை அனுப்பி, போடுவதா விடுவதா என்று அவர் வாயால் கேளுங்கள். இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நான் என் எண்ணத்துக்கு நிறுத்திப் பார்த்தவள். வேப்பமரத்தடி ஐயா கோபிக்க வேண்டாம், உங்கள் மச்சினருக்குக் குடலில் க்ரோன்ஸ் இல்லை.

எனக்கும் க்ரோன்ஸ்தான். ஊர் யாழ்ப்பாணம், இருப்பது லண்டன். 2016-ல் இன்ஃப்ளிக்சிமாப் தொடங்கினார்கள். உங்களுடையதற்கு அண்ணன் முறை, 1998-லேயே அமெரிக்காவில் க்ரோன்ஸுக்கு அனுமதி கிடைத்த மருந்து. கையில் நரம்பு வழியாக ஏற்றுவது. முதலில் 0, 2, 6 என்று கிழமைக் கணக்கு (எங்கள் ஊரில் கிழமை என்றால் வாரம்), பிறகு எட்டுக் கிழமைக்கு ஒருக்கா. வயிறு ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது.

அடுத்த வருடம் தலையில் தொடங்கியது. நானும் பொடுகு என்றுதான் நினைத்தேன். பொடுகு தட்டினால் பறக்கும். இது பறக்காது. மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு, சீப்பால் வாரினால் மயிரையும் வேரோடு கூட்டிக்கொண்டு வரும். காதுக்குப் பின்னால் வெடித்து நீர் வடிந்தது. தொப்புளுக்குள்ளும் சிவந்து உரிந்தது. அது வெட்கத்தில் யாருக்கும் காட்டாத இடம். முன் உச்சியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் மொட்டை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். ஒருநாள் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன், முன் வாங்கில் இருந்த ஏழு வயதுப் பிள்ளை என் கறுப்புச் சட்டையின் தோளைப் பார்த்து, "டீச்சர், வெளியில பனி கொட்டுதா?" என்று கேட்டது. வகுப்பு முடியும்வரை சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் இருந்து அழுதேன்.

அந்த மார்கழியில் ஊருக்குப் போனேன். அதைச் சாட்டாக வைத்து மருந்து ஏற்றுவதைத் தவறவிட்டேன். திரும்பி வந்து அடுத்ததையும் தவறவிட்டேன். தாதி போன் எடுத்தபோது தடிமன், காய்ச்சல் என்று பொய் சொன்னேன். தலை கொஞ்சம் ஆறியது, அதை மறைக்கவில்லை. ஆனால் நான்காவது மாதம் வயிறு திரும்பிவிட்டது. இரவு மூன்று மணிக்கு எழும்ப வைக்கிற அந்தப் பழைய வலி. ஓடிப்போய்த் திரும்ப ஏற்றச் சொன்னேன். ஏற்றத் தொடங்கிக் கால் மணித்தியாலம் இருக்காது, முகம் தீயாக எரிந்தது, கையெல்லாம் தடித்தது, நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்குவது போல இருந்தது. தாதி ஓடிவந்து குழாயை மூடினா. பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இடைவெளி விட்ட காலத்தில் என் உடம்பு அந்த மருந்துக்கு எதிராகவே ஆள் திரட்டி வைத்திருந்தது. அதோடு இன்ஃப்ளிக்சிமாப் எனக்கு இல்லை என்றாகிவிட்டது. வேலை செய்துகொண்டிருந்த ஒரு மருந்தை நானே கெடுத்துக்கொண்டேன் என்கிற கவலை இன்றைக்கும் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் குடல் வைத்தியரும் தோல் வைத்தியரும் ஒரே மேசையில் இருந்து கதைத்தார்கள். உஸ்டெகினுமாப் என்ற மருந்துக்கு மாற்றினார்கள். முதல் தடவை எடையைப் பார்த்து நரம்பில் ஏற்றுவார்கள், எனக்கு 390 மி.கி. பிறகு எட்டுக் கிழமைக்கு ஒருக்கா 90 மி.கி. தோலுக்கு அடியில் ஊசி. அந்த மருந்து க்ரோன்ஸுக்கு வருவதற்கு முன்பே, 2009-லிருந்து, சொரியாசிஸுக்குக் கொடுக்கப்பட்டது. அதாவது ஒரே ஊசி குடலையும் பார்க்கிறது, தோலையும் பார்க்கிறது. மூன்று மாதத்தில் தலை சுத்தமானது. மொட்டை இடத்தில் மயிர் முளைக்க இன்னும் மூன்று மாதம் போனது. முளைத்தது முழுக்க நரை. பரவாயில்லை.

எல்லோருக்கும் மருந்து மாற்ற வேண்டி வராது. என் வார்டில் பழக்கமான ஒரு பெடியனுக்கு முழங்கையில் மட்டும் வந்தது, களிம்போடு அதே மருந்தில் ஐந்து வருடமாக இருக்கிறான். உங்களுக்கு எது என்று கையைப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு நீங்கள் கையை மேசைக்கு மேலே வைக்க வேண்டும், தம்பி.


டேகேர் சிஸ்டர்
புதன், மதியம் 2:15

அண்ணா, நான் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் இந்த ஊசிகள் போடும் டேகேர் வார்டில் வேலை பார்க்கிறேன். நீங்கள் மட்டும் இல்லை, நிறையப் பேர் டாக்டரிடம் தோலைக் காட்டுவதே இல்லை. வயிற்று டாக்டரிடம் வயிறு, தோல் டாக்டரிடம் தோல் என்று பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். நரம்பு தேடும்போது நான்தான் முதலில் பார்க்கிறேன். "இது எத்தனை நாளா?" என்றால் "அது சும்மா சூடு சிஸ்டர்" என்பார்கள்.

ஊசி போட்ட இடத்தில் மட்டும் சிவந்து, அரித்து, இரண்டு மூன்று நாளில் போவது வேறு, உங்களுடையது வேறு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். போடச் சொன்னால் ஊசியை அரை மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள், வெந்நீரில் போட வேண்டாம். செதில், சிவப்பு, வெடிப்பு இருக்கிற தோலில் குத்த வேண்டாம். அப்புறம் கறிவேப்பிலையைத் தள்ளி வைத்துவிட்டு ஊசிக்கென்று ஒரு டப்பா வையுங்கள். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வேண்டாம், உறைந்தால் அந்த மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.


தோல்பிஜி
புதன், இரவு 9:50

மதுரையில் தோல் மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். படம்கூடப் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய விதத்தில், உள்ளங்கை மேடு, பாதக்குழி, மஞ்சள் கொப்புளம் பழுப்பாக மாறுவது, அதோடு தலைச் செதில், எல்லாம் சேர்ந்தால் எங்கள் வார்டில் முதலில் நினைப்பது டிஎன்எஃப் தடுப்பு ஊசியால் வரும் சொரியாசிஸ்தான். அடலிமுமாபும் இன்ஃப்ளிக்சிமாபும் அந்த வகை. இதில் எல்லோருக்கும் தலை சுற்றுகிற இடம் ஒன்று உண்டு. இதே அடலிமுமாபை நாங்கள் சொரியாசிஸைக் கட்டுப்படுத்தவும் கொடுக்கிறோம்! மருந்தும் அதுவே, நோயும் அதுவே என்பதால் முரண் சொரியாசிஸ் என்று சொல்வோம்.

எப்படி என்றால், டிஎன்எஃப் என்பது அழற்சியைக் கிளப்புகிற ஒரு புரதம். உங்கள் குடலில் அது அளவுக்கு மீறி இருந்தது, ஊசி அதைக் கட்டிப் போட்டது. ஆனால் அந்த டிஎன்எஃப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. இன்டர்ஃபெரான் ஆல்பா என்று ஒன்றை அது அடக்கி வைத்திருக்கும். வாத்தியார் லீவு போட்ட வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள் (ஈஸ்ட்ஹாம் அக்கா மன்னிக்கவும்). டிஎன்எஃப் கட்டுண்டதும் தோலில் இருக்கிற சில செல்கள் இன்டர்ஃபெரானைக் கொட்டித் தீர்க்கின்றன, அது சொரியாசிஸைக் கிளப்பிவிடுகிறது. எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை, நூற்றில் சில பேருக்குத்தான். ஆரம்பித்துச் சில மாதத்திலும் வரலாம், இரண்டு மூன்று வருடம் கழித்தும் வரலாம். நகல் மருந்தைக் குறை சொல்ல வேண்டாம். உலகின் முதல் அடலிமுமாப் நகல் 2014 கடைசியில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பல வருடம் முன்பே, மூல மருந்து போட்டுக்கொண்ட வெளிநாட்டு நோயாளிகளிடம் இந்தத் தோல் மாற்றத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஊசியை விட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் இரண்டு வாரம் ஆகும். தோலும் உடனே மாறாது. குடலைப் பணயம் வைத்து ஒரு பதிலும் கிடைக்காத சோதனை அது.

சீழ் என்றதும் கிருமி என்று ஆன்டிபயாடிக் எழுதிவிடுவார்கள். இந்தக் கொப்புளத்துச் சீழை வளர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் கிருமியே இருக்காது. ஆனால் படைப்பூஞ்சை இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். தோலைக் கொஞ்சம் சுரண்டி கே.ஓ.எச். என்கிற காரக் கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரியும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருக்கிறவருக்குப் பூஞ்சையும் வரும், அக்கியும் வரும். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சலோடு நீர்க்கொப்புளம் வந்தால் அது அக்கி, 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கிற சிவப்புக் கட்டிகள் வந்தால் அதற்கு ஊசி காரணமாக இருப்பதைவிட, க்ரோன்ஸே தோலில் தலைகாட்டுவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆக, தோலில் வருவதையெல்லாம் ஊசியின் கணக்கில் எழுதவும் முடியாது.

மருந்துக்கடை டியூபைக் குப்பையில் போடுங்கள். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த கூட்டாக இருக்கும். ஸ்டீராய்டு இருப்பதால் பத்து நாள் அடங்குகிறது, விட்டதும் எகிறுகிறது. சாதாரணப் படையைக்கூட உருத்தெரியாமல் மாற்றிவிடும். எங்கள் ஓ.பி.யில் தினமும் அந்த டியூபோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது.

கூலண்ட் பற்றி நீங்கள் யோசித்தது சரியான யோசனை, ஆனால் பாதிதான் சரி. காரணம் கூலண்ட் இல்லாவிட்டாலும் வெடித்த தோலில் அது பட்டால் ஆற விடாது. சொரியாசிஸ் தோல் அடிபடுகிற, உரசுகிற இடத்தில்தான் அதிகம் கிளம்பும்.

எந்தத் தோல் டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமே "எனக்கு க்ரோன்ஸ் இருக்கிறது" என்று இருக்கட்டும். சொரியாசிஸுக்கு செகுகினுமாப் என்று பிரமாதமான ஊசி இருக்கிறது. அழற்சியைக் கிளப்புகிற ஐஎல்-17 என்ற இன்னொரு புரதத்தைத் தடுக்கும். அதையே க்ரோன்ஸுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2012-ல் வந்தது. பலன் இல்லை என்பதோடு சிலருக்கு நோய் கூடியது. தோலை மட்டும் பார்த்து எழுதினால் குடல் மாட்டிக்கொள்ளும். அதேபோல் ஸ்டீராய்டு மாத்திரையும். சாப்பிடும்போது தோல் சொர்க்கமாக இருக்கும், நிறுத்தும்போது சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் உடம்பு முழுக்கக் கிளம்பிவிடலாம். காய்ச்சலோடு கொப்புளம் கைகால் தாண்டி உடம்புக்குப் பரவினால் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வெட்பாலைத் தைலத்தோடு எனக்குச் சண்டை இல்லை. காய்ந்த செதிலில் தடவினால் எண்ணெய்ப் பசைக்காவது தோல் இளகும், வெடித்த இடத்தில் வேண்டாம். உள்ளே சாப்பிடுகிற சூரணம், பற்பம் எதுவானாலும் உங்கள் இரண்டு டாக்டருக்கும் தெரியாமல் வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. புகை பிடிப்பீர்களா?


லேத்துக்காரன்
வியாழன், காலை 7:05

எப்படிம்மா கண்டுபிடித்தீர்கள்? பட்டறை வாசலில் டீ வரும்போதெல்லாம் ஒன்று. நாளைக்கு நாலைந்து இருக்கும். குடல் டாக்டரிடம் எப்போதோ விட்டாயிற்று என்று சொல்லி வைத்திருக்கிறேன்.


தோல்பிஜி
வியாழன், காலை 7:40

கண்டுபிடிக்கவெல்லாம் இல்லை சார். உள்ளங்கை உள்ளங்கால் கொப்புள வகைக்கும் சிகரெட்டுக்கும் அவ்வளவு நெருக்கம், கேட்காமல் விடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். க்ரோன்ஸுக்கும் அது ஆகாது. இரண்டு பக்கமும் இடிக்கிறது.


லேத்துக்காரன்
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5:30

கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவன் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமையே படங்களை அனுப்பினேன். குடல் டாக்டர் மத்தியானம் தானே கூப்பிட்டார். இரண்டு திட்டு, மறைத்ததற்கு ஒன்று, சிகரெட்டுக்கு ஒன்று. திட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை ஊசியைப் போட்டுக்கொள், திங்கட்கிழமை தோல் டாக்டரைப் பார், அவரிடம் நானே பேசுகிறேன் என்றார். நான் ஐந்து மாதமாக பயந்தது இந்த நாலு நிமிட போனுக்குத்தான்.

தோல் டாக்டர் சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, பாதத்தின் ஓரத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு தோல் எடுத்து அனுப்பினார்கள். நம்ம டிரில்லிங் மெஷினுக்குப் பேனா மாதிரி ஒரு குட்டித் தம்பி, வட்டமாகத் திருகி எடுத்துவிட்டார்கள். ரிசல்ட் சொரியாசிஸ் மாதிரிதான் என்று வந்தது.

இப்போது நடப்பது இது. ராத்திரி க்ளோபெட்டசால் என்கிற வீரியமான ஸ்டீராய்டு ஆயின்மென்ட், அதன் மேல் சமையலறை பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதற்கு மேல் பருத்தி சாக்ஸ். கைக்கும் சாக்ஸ்தான். என் மகள் என்னைப் பொம்மலாட்டம் ஆடச் சொல்கிறாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு வாரத்தில் ஐந்து நாள் கால்சிபொட்ரியால் (வைட்டமின் டி வகைக் களிம்பு), இரண்டு நாள் மட்டும் க்ளோபெட்டசால் என்று மாற்றினார்கள். பகலில் மணிக்கொருதரம் வாசலின். பையன் இப்போது கூலண்ட் பக்கத்து வேலையைப் பார்க்கிறான், நான் அளவெடுப்பதும் பில் போடுவதும். தலைக்குத் தார் ஷாம்பு, வாரத்தில் மூன்று நாள். சிகரெட் முப்பத்திரண்டு நாளாக இல்லை. டீ நேரத்தில்தான் கை பரபரக்கிறது, அந்த நேரத்துக்கு வாசலின் போட்டுக்கொள்கிறேன்.

கை முக்கால்வாசி ஆறிவிட்டது. புதுக் கொப்புளம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்று மைக்ரோமீட்டரைப் பிளாஸ்திரி இல்லாமல் திருகினேன், மூன்று கிளிக் கேட்டது. பாதம் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது. அடலிமுமாப் அப்படியே தொடர்கிறது. இன்னும் எட்டு வாரம் பார்ப்பார்களாம், பாதம் அடங்காவிட்டால் கைகாலுக்கு மட்டும் புறஊதா ஒளி சிகிச்சை. அதற்கும் அசையாவிட்டால் அக்கா போட்டுக்கொள்கிற உஸ்டெகினுமாபைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார்கள். அதன் விலையைக் கேட்டேன், கேட்டதிலிருந்து பாதத்தோடு நான் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறேன்.

சிஸ்டர், கறிவேப்பிலை இடம் மாறிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் தைலம் வீணாகிறதே என்று மனக்குறை, அதனால் முழங்கையில் தடவிக்கொள்கிறேன். அங்கே எனக்கு ஒன்றுமே இல்லை.

ஈஸ்ட்ஹாம் அக்கா, ஒரே ஒரு சந்தேகம். இந்தத் தார் ஷாம்பு வாடை போக என்ன செய்வீர்கள்? நான் பட்டறைக்குள் நுழைந்ததும் பையன், "அண்ணா, எங்கயோ ரோடு போடறாங்க போல" என்று வெளியே எட்டிப் பார்க்கிறான்.


ஈஸ்ட்ஹாம் அக்கா
ஞாயிறு, இரவு 8:20

போகாது, தம்பி. படுக்கிறதுக்கு முதல் முழுகுங்கள், தலையணைக்குப் பழைய உறை ஒன்று போடுங்கள். காலையில் கொஞ்சம் குறையும். எனக்கு அந்தப் பிள்ளைதான் பிறகு ஒருநாள் கேட்டது: "டீச்சர், நீங்க இப்ப ரோட்டு வேலைக்கும் போறீங்களா?"